அனுமதியில்லாத மௌனம்

விமானப் பயிற்சிப் பள்ளியின் முன்கூடத்துச் சுவரில், நுழைந்ததும் கண்ணில் அறைகிற மாதிரி ஒரு வாசகம் எழுதியிருந்தது: "விமானம் தவறு செய்யாது." ஒவ்வோர் எழுத்தும் ஆளுயரம். அதற்குக் கீழே சுவரைக் கொஞ்சம் காலியாக விட்டிருந்தார்கள். புதிதாகச் சேர வந்த பெண் ஒருத்தி அந்தக் காலி இடம் எதற்கு என்று காவலாளியிடம் கேட்டாள்.

"தப்பு பண்றவங்களை அங்கதாம்மா நிக்க வைப்பாங்க," என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் 'பொடிசு' என்று பெயர் விழுந்தது. உயரம் அப்படி. அவளுடைய அம்மா நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். சிறு வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு பேருந்தில் சுற்றுவாள். முன் கண்ணாடியை ஓட்டுநரின் தலை பாதி மறைத்துக்கொண்டே இருக்கும். யாருடைய தலையும் மறைக்காத ஒரு கண்ணாடி வேண்டும் என்பது அன்றிலிருந்து அவள் ஆசை. அதற்காகத்தான் விமானம் ஓட்ட வந்தாள்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே கண்ணாடியை விமானத்தின் மூக்கே மறைத்தது. அவள் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கால் மிதிகட்டைக்கு எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை வைத்தாள். கால் எட்டியது, மூச்சு முட்டியது. திசைகாட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் தலையைச் சாய்க்க வேண்டும். அந்த விமானத்தை யாருடைய உடம்புக்கு அளவெடுத்துச் செய்தார்கள் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் ஆள் இதுவரை அங்கே வந்து சேரவில்லை.

இதெல்லாம் பழகிவிடக் கூடிய கஷ்டங்கள். பழகாதவை இரண்டு கறுப்புக் குமிழ்கள். பள்ளியில் அவற்றை நாப் என்பார்கள்.

விமானம் தரையிறங்க வரும்போது இன்ஜினின் காற்றுக்குழாயில் பனி கட்டிவிடலாம். கட்டாமலிருக்க ஒரு குமிழை வெளியே இழுக்க வேண்டும். அது சூட்டு நாப். அதை ஒட்டினாற்போல, அதே உருண்டை, அதே கறுப்பு, அதே வழவழப்பில் இன்னொரு குமிழ். அதை இழுத்தால் எரிபொருள் வரத்து நின்று இன்ஜின் அணைந்துவிடும். அது நிறுத்த நாப். ஒன்று இன்ஜினைக் காப்பாற்றும், இன்னொன்று கழுத்தைத் திருகும். இறங்கும்போது கண் ஓடுபாதையில் இருக்க வேண்டும் என்பதால், கைதான் தடவிப் பார்த்து எது எது என்று முடிவு செய்தாக வேண்டும்.

நிறுத்த நாப் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாகவும், இப்போதைய தலைவர் பொறுப்பேற்றதும் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று கறுப்பு அடிக்கச் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பேசுவது குற்றம். எனவே அதை எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

பொடிசு முதல் தடவை தப்பான குமிழை இழுத்தபோது பக்கத்தில் அவளுடைய பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார். எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருப்பதால் அவருக்குக் கொட்டாவி சார் என்று பெயர். இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது. காற்று மட்டும் 'உஸ்' என்றது. கொட்டாவி சார் கொட்டாவியை முடிக்காமலே கையை நீட்டிக் குமிழை உள்ளே தள்ளினார். இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

"பயப்படாதேம்மா. இழுக்காதவங்க யாரும் இல்லை இங்க."

"நீங்களும் இழுத்திருக்கீங்களா சார்?"

"நான் இழுத்ததாலதான் இன்னும் பயிற்றுநரா இருக்கேன். இழுத்தும் ஒத்துக்காதவங்க எல்லாம் மேல போயிட்டாங்க."

இன்ஜின் அப்படி நின்றுபோவதைப் பள்ளியின் பாஷையில் 'அனுமதியில்லாத மௌனம்' என்பார்கள். மூன்று மௌனம் சேர்ந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மௌனங்களை விசாரிக்கவென்றே கவனப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி, சங்கிலி கோத்த கண்ணாடியும் இஸ்திரி கலையாத சட்டையுமாக ஒரு மேடம். ஆள் நுழையும்போதே கதவுக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

"இழுக்கும்போது என்ன நினைச்சிட்டிருந்தே?"

"ஒண்ணும் நினைக்கலை மேடம்."

"அப்ப மனசு காலியா இருந்திருக்கு."

"இல்லை மேடம், இறங்கறதைப் பத்திதான் நினைச்சிட்டிருந்தேன்."

"அப்ப மனசு நாப்ல இல்லை. தரையில இருந்திருக்கு."

"கை நாப் மேலதான் மேடம் இருந்துச்சு."

"எந்த நாப்?"

"தப்பான நாப்."

"ஆக, தப்பான நாப் மேல முழுக் கவனத்தோட இருந்திருக்கே." மேடம் முன்னால் சாய்ந்தார். "யார் சொல்லி?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு மேடம்."

"இரட்டைப் பிள்ளை பெத்தவ குழம்பறாளா?"

"எங்க பெரியம்மா குழம்புவாங்க மேடம். ஒருத்தனையே ரெண்டு தடவை குளிப்பாட்டிடுவாங்க."

மேடம் பெரியம்மாவின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொடிசைக் கவனப் பயிற்சியில் போட்டார்கள். ஓர் இருட்டறை. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்புப் பொட்டுகள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொடிசு பார்த்தாள். கண்ணில் நீர் கட்டும் வரை பார்த்தாள். கடைசியில் பசி தாங்காமல், "தெரிஞ்சிடுச்சு மேடம்," என்றாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"இடது பக்கம் இருக்கறது கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

மேடத்தின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "நல்ல முன்னேற்றம். இன்னும் கொஞ்ச நேரம் பாரு, வலது பக்கமும் அப்படித்தான்."

காலையில் எல்லோரும் வரிசையில் நின்று வலது கையைத் தூக்கி, "என் கையை நான் அறிவேன்" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு வந்தது. மேடம் எதிரே நின்று தன் வலது கையைத் தூக்குவார். அவரைப் பார்த்துச் செய்கிற பாதிப் பேர் இடது கையைத் தூக்குவார்கள். அந்தப் பாதிப் பேருக்குத் தனி விசாரணை.

இத்தனைக்கும் பிறகு பொடிசு இரண்டாம் தடவையும் இழுத்தாள். தப்பான குமிழைத்தான். முன்கூடத்துச் சுவரின் காலி இடத்தில் அவளை நிற்க வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மௌனம் பாக்கி. அதுவும் வந்துவிட்டால் கண்ணாடி கிடையாது, வானம் கிடையாது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குத் தொழில் புத்தி. கோயில் வாசலில் நின்றாலும் பக்கத்தில் இருப்பவரின் சட்டைப் பையைப் பார்ப்பவர்.

"அந்த எடமே எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. பேசாம விட்டுட்டு வா. டிப்போவுல சொல்லி வெக்கறேன், டிக்கெட் எந்திரம் ரிப்பேர் பார்க்கற வேலைக்கு ஆள் கேக்கறாங்க."

"வேண்டாம்மா."

"அப்ப என்னதான் கஷ்டம், சொல்லு."

பொடிசு குமிழ்களைப் பற்றிச் சொன்னாள். ஒரே உருண்டை, ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு. அம்மா அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டே கேட்டார். கண் மகள் மேல் இருந்தது. கை பின்னால் போய் அலமாரியைத் துழாவிச் சர்க்கரை டப்பாவை எடுத்தது. பக்கத்திலேயே அதே அளவு, அதே மூடியோடு உப்பு டப்பா. உப்பு டப்பாவின் கழுத்தில் மட்டும் தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் ஒன்று கிடந்தது.

"ஏண்டி," என்றார் அம்மா சர்க்கரையைக் கலக்கியபடி, "உங்க பள்ளிக்கூடத்துல யாரும் டீயே போடறதில்லையா?"

மறுநாள் விமானத்தில் ஏறியதும் பொடிசு தன் பின்னலில் இருந்த ரப்பரைக் கழற்றி நிறுத்த நாபின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். கொட்டாவி சார் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"நான் எதையும் பார்க்கலைம்மா. கொட்டாவி வந்தா எனக்குக் கண் மூடிக்கும்."

அன்று இன்ஜின் நிற்கவில்லை. அடுத்த பறப்பிலும் நிற்கவில்லை. அதே விமானத்தை அடுத்து எடுத்துப் போன தோழி நெட்டை, இறங்கி வந்து பொடிசை ஓரமாக இழுத்தாள். நெட்டைக்கு நேர்மாறான கஷ்டம்: தலை கூரையில் இடிக்கும், கழுத்தை மடித்துக்கொண்டுதான் ஓட்டுவாள்.

"அந்த ரப்பர் உன்னோடதா?"

"எந்த ரப்பர்?"

"சரி, தெரியாத ரப்பர்னே வெச்சுக்கோ. எனக்கும் ஒண்ணு குடு."

கொஞ்ச நாளில் பள்ளியின் எல்லா விமானங்களிலும் நிறுத்த நாபின் கழுத்தில் ஒரு ரப்பர் இருந்தது. கறுப்பு, நீலம், பூப்போட்டது என்று விதவிதமாக. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மௌனங்கள் நின்றுபோயின.

கவனப் பிரிவில் பீதி பரவியது. விசாரிக்க ஆளில்லாமல் மேடம் காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகத் தலைவரிடம் போனார்.

"சார், மாசக்கணக்கா ஒரு தப்பும் நடக்கலை."

"நல்லதுதானே?"

"தப்பு நடக்கலைன்னா ரெண்டே காரணம்தான் சார். ஒண்ணு, மறைக்கறாங்க. இல்லைன்னா, சேர்ந்து மறைக்கறாங்க."

தலைவருக்கு வியர்த்தது. அன்று முதல் வேவு ஆரம்பித்தது. விமானத்தின் சக்கரத்துக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்தார். எரிபொருள் ஊற்றுகிறவர் பயிற்சி மாணவரைக் கண்காணித்தார், பயிற்சி மாணவர் எரிபொருள் ஊற்றுகிறவரைக் கண்காணித்தார், எரிபொருள் தரையில் வழிந்தது. மூன்றாம் நாள் மேடமே ஒரு விமானத்துக்குள் தவழ்ந்து போய், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஒரு பூப்போட்ட ரப்பரோடு வெளியே வந்தார்.

எல்லோரையும் முன்கூடத்தில் கூட்டினார்கள். ரப்பரை ஒரு கண்ணாடி டம்ளருக்குள் போட்டு மேசை மேல் வைத்திருந்தார்கள். அது எழுந்து ஓடிவிடுமோ என்று இரண்டு பக்கமும் காவல்.

தலைவர் பேசினார். "இந்த விமானத்தை வடிவமைச்சவங்க மேதைங்க. அதுல ஒரு ரப்பரை மாட்டறதுன்னா, அந்த மேதைங்களுக்கு ஒரு ரப்பர் அளவுக்கு அறிவு கம்மின்னு சொல்றதா ஆகும். சில பேர் கேக்கறாங்க, வடிவமைச்சவங்க ஒரு நாளாவது அந்த இருக்கையில உட்கார்ந்து பார்த்தாங்களான்னு. நான் சொல்றேன், அவங்க உட்காரத் தேவையே இல்லை. அவ்வளவு பெரிய மேதைங்க. நானே இந்தப் பதவிக்கு வந்ததுக்கப்புறம் உட்கார்றதில்லை. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம பேச முடியுது." சற்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "தப்பு மனுஷனுக்குள்ள இருக்கு. அதை வெளிய எடுக்கத்தான் பயிற்சி. ரப்பர் போட்டா தப்பு உள்ளேயே தங்கிடும். உடம்புக்குக் கெடுதல்."

எல்லா ரப்பரும் கழற்றப்பட்டன. ரப்பர் போட்டுக் கூந்தல் கட்டுவது தடை செய்யப்பட்டது. கூந்தலை அவிழ்த்து விடுவது முன்பே தடை. எனவே பெண்கள் எல்லோரும் ஒரு கையால் பின்னலைப் பிடித்தபடி நடமாடினார்கள். 'ஒரு கை எப்போதும் தலைக்குப் பின்னால் ஏன்?' என்று அதற்கும் ஒரு விசாரணை நடந்தது.

பூப்போட்ட ரப்பரில் ஒரு முடி சிக்கியிருந்தது. மேடம் அதைச் சாமணத்தால் எடுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக ஒப்பிட்டு வந்தார். கொட்டாவி சாருக்குச் சுத்த வழுக்கை.

"தலையைக் காட்டுங்க சார்."

"காட்ட ஒண்ணும் இல்லை மேடம்."

"எப்பலேர்ந்து இல்லை?"

"எனக்கு முப்பது தாண்டினதுமே..."

"முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கீங்க." மேடம் அடுத்த தலைக்குப் போனார்.

முடியின் நீளம் நெட்டையின் முடியோடு அச்சாகப் பொருந்தியது. நெட்டை கழுத்தை மடித்துக்கொண்டு நின்றாள். விமானத்துக்குள் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தாள். அவளை அன்றே வெளியேற்றச் சொல்லித் தலைவர் பேனாவைத் திறந்தார்.

பொடிசு சுவரின் காலி இடத்தில் தானாகவே போய் நின்றுகொண்டாள்.

"சார், முதல்ல போட்டது நான்தான். என்னைப் பார்த்துதான் மத்தவங்க போட்டாங்க."

மேடம் அவளை மெதுவாகச் சுற்றி வந்தார்.

"உன்னை ஒத்துக்கச் சொன்னது யாரு?"

"யாரும் இல்லை மேடம்."

"இந்தப் பள்ளி ஆரம்பிச்சதுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தரும் தானா ஒத்துக்கிட்டதில்லை. நீ மட்டும் ஏன் ஒத்துக்கறே? யாரைக் காப்பாத்தறே? நெட்டை உனக்கு என்ன முறை?"

"என்னோட படிக்கறா மேடம்."

"அதுக்காக உண்மையைச் சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லை. பொய்."

தலைவர் பேனாவை மூடினார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வந்தால் நிற்காது.

"சோதிச்சுப் பார்த்துடலாம். ரப்பர் இல்லாத விமானத்துல இந்தப் பொண்ணு நாளைக்கு ஓட்டட்டும். நானே பக்கத்துல உட்கார்றேன். இன்ஜின் நின்னா, இவ கவனக்குறைவை ரப்பர் இத்தனை நாள் மறைச்சிருக்குன்னு அர்த்தம். மூணாவது மௌனம், ரெண்டு பேரும் வீட்டுக்கு. நிக்கலைன்னா, ரப்பர் தேவையே இருந்ததில்லை, வேணும்னே விமானத்தை அசிங்கப்படுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கும் ரெண்டு பேரும் வீட்டுக்கு."

"அருமை சார்," என்றார் மேடம். "எந்தப் பக்கமும் ஓட்டையே இல்லை."

மறுநாள் தலைவர் வலது இருக்கையில் ஏறினார். ஏறுவதற்கு நாற்காலி போட வேண்டியிருந்தது. முழங்கால் சுக்கானில் இடித்தது, வயிற்றில் பெல்ட் பூட்டவில்லை, திசைகாட்டி எங்கே என்று இரண்டு தடவை கேட்டார். பைகள் வைக்கும் பின் இடுக்கில் மேடம் மடங்கி உட்கார்ந்து, பேசுவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரேடியோப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தியே வைத்திருந்தார். நெட்டையும் கொட்டாவி சாரும் கீழே ஒலிபெருக்கியின் அடியில் நின்றார்கள்.

மேலே போனது வரை ஒன்றும் ஆகவில்லை. இறங்கத் திரும்பினார்கள். ஓடுபாதை எதிரே வந்தது. பொடிசின் கை குமிழ்களை நோக்கிப் போனது. இரண்டும் வழவழ என்றிருந்தன. விரல் இதிலிருந்து அதற்குப் போனது, அதிலிருந்து இதற்கு வந்தது.

"ஏன் தடவறே?" என்றார் தலைவர். "கவனம் இருக்கறவன் தடவ மாட்டான். பாரு, நான் கண்ணை மூடிக்கிட்டே இழுக்கறேன்."

கண்ணை மூடினார். இழுத்தார்.

இன்ஜின் நின்றது. காற்று 'உஸ்' என்றது. மேலிருந்து பார்த்தபோது சின்னதாகத் தெரிந்த மரங்கள் இப்போது கிளை கிளையாகத் தெரிந்தன. தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் தன் கை எந்தக் குமிழில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

"அபாரம் சார்!" என்று பின்னாலிருந்து மேடம் கூவினார். "திடீர் சோதனை! சொல்லாம கொள்ளாம நீங்களே மௌனத்தை உண்டாக்கி, பொண்ணு என்ன பண்றான்னு பார்க்கறீங்க! உங்க துணிச்சலே துணிச்சல் சார்!"

அது அப்படியே கோபுரத்தில் கேட்டது. ஓடுபாதையின் ஓரத்து ஒலிபெருக்கியிலும் கேட்டது. கொட்டாவி சார் அன்று கொட்டாவி விடவில்லை.

பொடிசு தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் குமிழை உள்ளே தள்ளினாள். இன்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. மிஞ்சியிருந்த ஒரே குமிழை இழுத்தாள். இறக்கினாள்.

தலைவர் இறங்கியதும் வெகுநேரம் சக்கரத்தில் கை ஊன்றி நின்றார். விமானம் தவறு செய்யாது. தலைவரும் செய்ய மாட்டார். மிச்சம் இருப்பது இந்தப் பெண்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் பள்ளி முழுவதும் ஓடி வந்து, திடீர் சோதனைக்காக அவரைப் பாராட்டியது. பாராட்டை வாங்கிக்கொண்டால் சோதனை உண்மையாகிவிடும், சோதனை உண்மையென்றால் பெண் தேறியாக வேண்டும். தலைவர் ஒரு கணம் யோசித்தார். பாராட்டு இனிப்பாக இருந்தது.

"தேறிட்டா," என்றார். "தனியா பறக்கலாம். அந்த நெட்டைப் பொண்ணும் இருக்கட்டும்."

அன்றிரவு தலைவர் தூங்கவில்லை என்று பேச்சு. அடுத்த கூட்டத்தில் அவர் கையில் ஒரு தட்டு, தட்டில் பட்டுத்துணி, துணி மேல் கறுப்பு ரப்பர் வளையங்கள்.

"நீண்ட ஆராய்ச்சிக்கு அப்புறம் நானே கண்டுபிடிச்சது. இதுக்குப் பேரு கவன வளையம். இதை நாப் கழுத்துல மாட்டினா, கை படும்போதே கவனம் வரும். முன்னாடி சிலர் கள்ளத்தனமா ஒரு நாபுக்கு மட்டும் ரப்பர் போட்டாங்க. அது பாரபட்சம். இன்னொரு நாப் மேல கவனம் வேண்டாமா? அதனால இனிமே ரெண்டு நாபுக்கும் ஒரே மாதிரி வளையம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பொடிசு தனியாகப் பறக்கிற நாள் வந்தது. வேலிக்கு வெளியே அம்மா பரிசோதகர் சீருடையிலேயே வந்து நின்று, பக்கத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். பொடிசு ஒரு கையால் பின்னலைப் பிடித்தபடி விமானத்தில் ஏறினாள். முதல் தடவையாகப் பக்கத்து இருக்கை காலி. கதவைச் சாத்திக்கொண்டாள். எதிரே இரண்டு கறுப்புக் குமிழ்கள், இரண்டின் கழுத்திலும் ஒரே மாதிரி வளையம்.

சூட்டு நாபிலிருந்த வளையத்தைக் கழற்றினாள். பின்னலின் நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மூக்கு தாழ்ந்தது. முன் கண்ணாடியில் ஓடுபாதை மட்டும் இருந்தது, யாருடைய தலையும் இல்லை. அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. கை தானாகப் போனது. ஒன்றில் வளையம். விட்டாள். இன்னொன்று மொட்டை. இழுத்தாள். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஓடுபாதையின் முனையில் மேடம் தொலைநோக்கியோடு நின்றிருந்தார். பொடிசு இறங்கி வந்ததும் வழியை மறித்தார்.

"ஏன் நிக்கலை?"

"என்னது மேடம்?"

"இன்ஜின்."

"தெரியலை மேடம்."

மேடம் அவளைச் சுற்றி வந்தார். பின்னலைத் தூக்கிப் பார்த்தார். "தலையில என்ன?"

"கவன வளையம் மேடம். தலைவர் கண்டுபிடிச்சது."

மேடம் அந்த வளையத்தை இழுத்துப் பார்த்தார், விட்டார். ரப்பருக்குத்தான் தடை, இது அங்கீகாரம் பெற்ற வளையம். தலையில் போடக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டு, அவளையும் அவளுக்குப் பின்னால் அமைதியாக நின்ற விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க ஏதோ சரியா நடந்திருக்கு," என்றார். "கண்டுபிடிக்காம விட மாட்டேன்."